வெள்ளிக்கிழமைப் பேச்சுக்கு திங்கட்கிழமையே நடுக்கம்!

மேடையில் ஏறியதும் கால் நடுங்குவது ஒரு ரகம். மேடை ஏற நான்கு நாள் இருக்கும்போதே நெஞ்சு 'திக் திக்' என்று அடிப்பது இன்னொரு ரகம். இரண்டாவதுதான் பொல்லாதது!

செம்பாக்கத்தில் பஸ் ஏறி, தாம்பரம் பக்கம் உள்ள கல்லூரிகளுக்குப் போகும் பிள்ளைகளில் பலருக்கு இது நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமை வகுப்பில் எழுந்து பேச வேண்டும். திங்கட்கிழமையே சோறு இறங்காது. 'நாக்கு குழறினால்? எல்லோரும் சிரித்தால்?' என்று மனம் ஒரு நாடகமே நடத்திவிடும். வெள்ளிக்கிழமை காலையில், "தலையை வலிக்குது அம்மா" என்று பையன் படுத்துக்கொள்வான். சோம்பேறி என்பார் அப்பா. திமிர் பிடித்தவன் என்பார் வாத்தியார். பாவம், அவன் பட்ட பாடு இருவருக்கும் தெரியாது.

இந்தப் பயம் காந்திஜியையும் விடவில்லை. லண்டனில் படித்தபோது, சைவ உணவுச் சங்கக் கமிட்டிக்கு தமது கருத்தை எழுதி எடுத்துப் போனார். படிக்கத் தைரியம் வரவில்லை. வேறொருவர்தான் படித்தார். பாரிஸ்டர் ஆகி, பம்பாய் கோர்ட்டில் முதல் வழக்கு. குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது. ஒரு கேள்வியும் வரவில்லை. வாங்கிய 30 ரூபாய் பீசை திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி சொல்லிவிட்டார்! இதையெல்லாம் அவரே சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார்.

பயத்தை அளக்க முடியுமா?

முடியும். 1969-ல் வாட்சன், பிரெண்ட் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் 'சரி', 'தவறு' என்று பதில் வாங்கி ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். 1987-ல் அமெரிக்க டாக்டர் லீபோவிட்ஸ் 24 சந்தர்ப்பங்களை எழுதினார். விருந்துக்குப் போவது, டெலிபோனில் பேசுவது, பிறர் பார்க்கச் சாப்பிடுவது... இப்படி. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பயம், எவ்வளவு தூரம் ஒதுங்குகிறீர்கள் என்று 0 முதல் 3 வரை மார்க்கு. மொத்தம் 144. நடக்கப்போவதை நினைத்து முன்கூட்டியே கலங்குவதை மட்டும் அளக்க, 2003-ல் ஹின்ரிக்சன், கிளார்க் இருவரும் 12 வாசகங்கள் கொண்ட தாளை வெளியிட்டார்கள்.

நம் கல்லூரிகளும் முதல் வருடத்திலேயே இதைச் செய்யலாம். பத்து நிமிட வேலை. ஆனால் தாள் தமிழில் இருக்க வேண்டும். இன்னொரு கேள்வியும் சேர வேண்டும்: "தமிழில் பேசச் சொன்னாலும் இதே பயம் உண்டா?"

இது முக்கியம். தமிழில் கணீர் என்று பேசும் பெண், இங்கிலீஷ் என்றதும் ஒடுங்கிவிடுகிறாள். வீட்டிலேயே கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். அவளுக்கும் மார்க்கு ஏறும். மனிதர்களைக் கண்டு பயம் என்று தாள் சொல்லும். அவள் பயப்படுவதோ மொழியைக் கண்டு! அவளுக்கு வேண்டியது டாக்டர் அல்ல, பொறுமையான ஒரு வாத்தியார்.

மார்க்கு கூடிவிட்டால் நோய் என்றும் முடிவு கட்டக்கூடாது. காய்ச்சலை அளக்கும் தெர்மாமீட்டர் மாதிரிதான் இதுவும். என்ன நோய் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். பயம் முற்றியவர்களுக்கு சிகிச்சை இருக்கிறது. இரண்டு பேர் முன்னால் பேசி, பிறகு ஐந்து பேர், பத்து பேர் என்று படிப்படியாகப் பழக்குகிறார்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், அரசாங்கத்தின் இலவச மன நல ஆலோசனை தமிழிலேயே கிடைக்கும்.

ஒரு நிபந்தனை. தாளில் எழுதியது மாணவனுக்கும் ஆலோசகருக்கும் மட்டும் தெரிய வேண்டும். அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டும் கல்லூரி, அளக்காமல் இருப்பதே மேல்!