சாவி கொடுத்தால் தீர்ந்ததா?

அரக்கோணத்தில் விடிகாலை மின்சார ரயிலேறும் கொத்தனாரும் சித்தாளும் கம்பி கட்டுபவரும்தான் சென்னையின் அடுக்குமாடிகளை எழுப்புகிறார்கள். அவர்களைப் பற்றித்தான் படித்தவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள்: ஏழைக்குத் தன் வீட்டைத் திட்டமிடத் தெரியாது, பொறியாளர் வரைந்து, ஒப்பந்ததாரர் கட்டி, சாவியைக் கொடுத்தால் போதும். இது பொய். இதன் விலையைக் கொடுத்தவர்களும் ஏழைகளே.

திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பர் 27 அன்று நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு சரிந்து 24 வீடுகள் மண்ணாயின. ஒரு உயிர்கூடப் போகவில்லை. விரிசலைப் பார்த்ததும் குடியிருந்தவர்கள் வெளியேறிவிட்டார்கள். சுவரின் நிலையைப் படிக்கத் தெரிந்த அந்தக் கண்களுக்குத் திட்டமிடும் மேசையில் ஏன் இடமில்லை?

இடம் கொடுத்தபோது நடந்ததும் நம் முன்னே இருக்கிறது. உலக வங்கிக் கடனில் 1977-இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனையும் தண்ணீரும் சாக்கடையும் சாலையும் தந்து, வீட்டை வளர்த்தெடுப்பதை மக்களிடம் விட்டது. காசு சேரச் சேர அறை கூடியது, மாடி ஏறியது. ஒரு காலத்தில் தோல்வி என்று ஒதுக்கப்பட்ட இந்த முறை, 2018-இல் வெளியான ஆய்வில் வெற்றி என்று தெரியவந்தது. சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடியில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸும் குடும்பங்களிடம் கேட்டே வீடுகளை வடிவமைத்தார்கள்.

"அஸ்திவாரமும் கம்பியும் தப்பாகிவிடுமே?" என்பார்கள். நியாயமான அச்சம்தான். அதற்குத்தான் பொறியாளர். அடுப்படி எந்தப் பக்கம், ஆடு எங்கே கட்டுவது, மகனுக்குக் கல்யாணமானால் எந்தச் சுவரைத் தள்ளிக் கட்டுவது என்பதை வீட்டுக்காரிதான் சொல்ல வேண்டும். வரைபடம் முடிந்த பிறகு கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்குவதைப் பங்கேற்பு என்று அழைப்பதை ஏற்க முடியாது.

கலைஞர் கனவு இல்லத் திட்டம் 360 சதுர அடிக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தந்து, பட்டா உள்ளவர் தாமே கட்ட விடுகிறது. அதில் 60 சதுர அடிக் கூரையை அவர் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் பணம் கட்டுமான நிலையைப் பார்த்துத் தவணையாக வருகிறது. கையிருப்பு இல்லாத கூலிக் குடும்பம் பேஸ்மட்டத்திலேயே வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும். பட்டா இல்லாதவருக்கு அந்த வாசலும் இல்லை. அரக்கோணம் வட்டத்தில் அதிகாரிகள் முதலில் செய்ய வேண்டியது பட்டா வழங்குவது, பிறகு முன்பணம், அதன் பிறகு, மேஸ்திரியையும் வீட்டுக்காரியையும் உட்காரவைத்து வரையும் ஒரு பொறியாளர்.