பின்னால் வரச் சொன்னார்கள்

கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். "அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை பெற்ற ஆண்டு எது?" என்று வினாத்தாளில் கேட்பார்கள். 1920 என்று எழுதினால் முழு மதிப்பெண். அந்த விடையைத் திருத்தும்போதெல்லாம் ஐடா பி. வெல்ஸ் நினைவுக்கு வருகிறார், மனம் ஒப்புவதில்லை.

மிசிசிப்பியில் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கறுப்பின மக்களைக் கும்பல் கூடிக் கொன்ற கொடுமைகளை நேரில் விசாரித்து எழுதிய பத்திரிகையாளர். 1913 ஜனவரியில் சிகாகோவில் கறுப்பினப் பெண்களுக்கென ஆல்ஃபா வாக்குரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். மார்ச் 3 அன்று, வில்சன் அமெரிக்க அதிபராகப் பதவியேற்பதற்கு முந்தைய நாள், வாக்குரிமை கேட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் வாஷிங்டனில் ஊர்வலம் போனார்கள். வெல்ஸும் போயிருந்தார். தென் மாநில வெள்ளைப் பெண்கள் முகம் சுளிப்பார்களாம். அதனால் ஊர்வல அமைப்பாளர்கள் அவரை இல்லினாய் அணியை விட்டு, கறுப்பினப் பெண்களோடு பின்னால் வரச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். ஊர்வலம் நகரத் தொடங்கியபின், வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து இறங்கிவந்து, தம் மாநிலத்து அணியிலேயே சேர்ந்து நடந்தார். இருபுறமும் துணை நடந்த வெள்ளைப் பெண்கள் பெல் ஸ்கொயரும் வர்ஜீனியா புரூக்ஸும். அவர்களையும் மறக்கக் கூடாது.

முதலில் வாக்கு வரட்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்பது வாக்குரிமை இயக்கத் தலைவிகள் போட்ட கணக்கு. 1895இல் அட்லாண்டாவில் நடந்த வாக்குரிமை மாநாட்டுக்கு வரவேண்டாம் என்று கறுப்பினத் தலைவர் பிரடெரிக் டக்ளஸிடம் அந்தத் தலைவிகளில் ஒருவரான சூசன் பி. ஆன்டனி கேட்டுக்கொண்டதும் அதனால்தான். 1848இலேயே செனெகா ஃபால்ஸ் பெண்ணுரிமைக் கூட்டத்தில் பெண்களின் வாக்குரிமைக்காக எழுந்து பேசியவர் டக்ளஸ்!

அந்தக் கணக்குக்கு விலை கொடுத்தவர்கள் தெற்கின் கறுப்பினப் பெண்கள். 1920க்குப் பிறகும் வாக்களிக்க வரி, எழுத்தறிவுச் சோதனை, மிரட்டல் என்று அவர்களைத் தடுத்தார்கள். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை 45 ஆண்டுகள்.

இந்தப் பெண்களின் திறமையை இயக்கமும் இழந்தது. 1913இலேயே இல்லினாயில் பெண்களுக்கு நகராட்சித் தேர்தலில் வாக்கு கிடைத்தது. ஆல்ஃபா சங்கப் பெண்கள் வீடுவீடாகப் போய் வாக்காளர்களைப் பதிவு செய்யவைத்தார்கள். 1915இல் ஆஸ்கர் டி பிரீஸ்ட் சிகாகோவின் முதல் கறுப்பினக் கவுன்சிலர் ஆனதில் அவர்கள் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. இத்தனை திறமையானவர்களையா பின்னால் வரச் சொன்னார்கள்?

பாடநூல் எழுதுபவர்களுக்கு என் வேண்டுகோள்: 1920 வரும் பக்கத்திலேயே 1965ஐயும் வெல்ஸின் பெயரையும் சேருங்கள். வினாத்தாளிலும் கேளுங்கள்.