எமனாக நிற்கும் லாரி! போன் போட தயக்கம் ஏன்?

ஓசூர்,

ஜூஜூவாடி எல்லையில் இருந்து சூளகிரி வரை, ராத்திரியில் விளக்கில்லாமல் ரோட்டோரம் நிற்கும் லாரிதான் எமன்! ஷிப்டு முடிந்து பைக்கில் வரும் சிப்காட் தொழிலாளி பின்னால் மோதினால் அதோகதிதான்.

இப்படி 10 மணி நேரம் கேட்பாரற்று நிற்கும் வண்டியைப் போலீசார் இழுத்துப் போகலாம். ஆபத்தான இடம் என்றால் உடனே! செலவு வண்டிக்காரர் தலையில்.

தாறுமாறாக ஓட்டுபவர்களோ இன்னும் மோசம். 2016 ஜூனில் மேலுமலை அருகே லாரியும் பஸ்சும் மோதி 15 பேருக்கு மேல் பலியானதை மறக்க முடியுமா? ஆபத்தாக ஓட்டினால் முதல் தடவையே 6 மாதம் முதல் 1 வருடம் வரை ஜெயில் அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம்.

சட்டம் ரெடி. சொல்லத்தான் ஆள் இல்லை! "கர்நாடகா வண்டி, நமக்கெதுக்கு வம்பு" என்று நழுவுகிறோம். எந்த ஊர் வண்டிக்கும் சட்டம் ஒன்றுதான். நம்பர், இடம், நேரம் குறித்து 112-க்கோ, நெடுஞ்சாலை என்றால் 1033-க்கோ சொல்லுங்கள். ஒரு உயிர் மிச்சம்!