சட்டம் எட்டாத ரகசியம்

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதற்கு முன்பே, நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 வரை இந்த ஆட்டங்களுக்குப் பூட்டுப் போட்டது தமிழ்நாடு. அதே ஆண்டு ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றமும் அந்த விதி செல்லும் என்றது. வரவேற்க வேண்டியவைதான். ஆனால், இனி எல்லாவற்றையும் அரசு பார்த்துக்கொள்ளும் என்று திருச்சபைகள் ஒதுங்கி நிற்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

மத்திய அரசின் மதிப்பீட்டின்படி, இந்த ஆட்டங்களில் 45 கோடிப் பேர் ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாய் இழந்திருக்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஏறத்தாழ 444 ரூபாய். மாதம் 37 ரூபாய். எந்த வீட்டிலும் யார் கண்ணையும் உறுத்தாத தொகை. இந்தச் சராசரிக்குள்தான் நகையை அடகு வைத்தவரும், கடன் செயலிகளிடம் சிக்கியவரும், உயிரை மாய்த்துக்கொண்டவரும் மறைந்திருக்கிறார்கள்.

சென்னைக் கோடம்பாக்கத்தின் ஒற்றைப் படுக்கையறை வீடுகளில் இது எப்படி நடக்கிறது? மனைவி, பிள்ளைகள் தூங்கிய பிறகு போர்வைக்குள் கைபேசி வெளிச்சம். ஒலி அணைக்கப்பட்டிருக்கும். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி அடுத்த நொடியே அழிக்கப்படும். ஞாயிறு காலை அதே கை நற்கருணைக்கு நீளும். புதிய சட்டம் ஆட்டத்தை நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி வரை அபராதமும் விதிக்கிறது, ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. அது நியாயமே. அப்படியானால் அந்தப் போர்வைக்குள் இருப்பவரை அணுகப்போவது யார்?

எகிப்தின் பாலைவனத் துறவிகள் இதற்கு விடை கண்டு 1,600 ஆண்டுகள் ஆகின்றன. துறவி ஜான் காசியன் பதிவு செய்த நிகழ்ச்சி அது. செராப்பியோன் என்ற இளந்துறவி, மூத்தவர் தெயோனாசுடன் தினமும் உணவருந்துவான். எழுந்திருக்கும்போது ஒரு காய்ந்த ரொட்டியை மடியில் மறைத்துக்கொண்டு போய், மாலையில் யாருமறியாமல் தின்பான். தின்று முடித்ததும் வேதனை, மறுநாளும் திருட்டு. உண்ணாநோன்புக்குப் பேர்போன பாலைவனத்திலும் அவனால் விட முடியவில்லை. ஒருநாள், மறைத்து வைக்கும் எண்ணங்களின் வலிமை பற்றி மூத்தவர் மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது, விம்மி அழுது, மடியிலிருந்த ரொட்டியை எடுத்து எல்லார் முன்னும் வைத்தான். அன்றோடு அந்த ஆசை ஒழிந்தது. அவனை மீட்டது இன்னொரு மனிதனிடம் சொன்ன சொல். குடிநோயாளிகளுக்காக 1939-இல் வெளியான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) இயக்கத்தின் பன்னிரண்டு படிகளில் ஐந்தாவதும் இதையே கேட்கிறது.

நம் சபைகளில் இதற்கு இடமுண்டா? சாட்சி நேரத்தில் பத்தாண்டுக்கு முன் கிடைத்த விடுதலையை முழங்கலாம். நேற்றிரவு விழுந்ததைச் சொல்ல முடியாது. சொன்னவர் அடுத்த வாரமே பாடகர் குழுவிலிருந்து நீக்கப்படுவார். கத்தோலிக்க ஆலயங்களில் கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும் முன் பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசை. ஆளுக்கு இரண்டு நிமிடம். கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்ற மனப்பாடம். இதற்குப் பெயர் ஆன்மிக வழிகாட்டல் அல்ல, அலட்சியம். பொட்டிபாரின் மனைவியிடமிருந்து மேலாடையை விட்டுவிட்டு ஓடிய யோசேப்பைப் பிரசங்கிக்கிறார்கள். ஓடிவருபவன் ஒதுங்க ஒரு திண்ணைகூட வைக்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் கொண்டு மிரட்டியதாகக் கேரளப் பாதிரியார்கள் மீது எழுந்த புகாரைக் காட்டி, அந்த வழக்கத்தையே ஒழிக்கச் சொன்னார் தேசிய மகளிர் ஆணையத் தலைவர் ரேகா சர்மா, 2018-இல். குற்றவாளிகளைத் தண்டிப்பதற்குப் பதில் மருந்தையே தடை செய்யக் கேட்ட வாதம் அது. பணத்தை எப்படிச் செலவழிப்பது என்பது தனிமனித உரிமை என்போரோ, அடிமையானவனிடம் சுதந்திரம் பேசுகிறார்கள்.

ஒவ்வொரு பங்கிலும் சபையிலும் ஒரே பாலினத்தவர் மூவர் மூவராக வாரம் ஒருமுறை கூடட்டும். வங்கிக் கணக்கையும் கைபேசியையும் ஒருவருக்கொருவர் திறந்து காட்டட்டும். சொன்னதை வெளியே கசியவிடுபவரைப் பொறுப்பிலிருந்து விலக்கட்டும். கோடம்பாக்கத்திலிருந்து சாந்தோம் வரை ஓராண்டு இதைச் செய்தால், இந்நகரின் கிறிஸ்தவ வீடுகளில் ரம்மி ஆட ஆளே இருக்காது. அப்போது நள்ளிரவுத் தடைக்கும் தேவையிருக்காது.