தொகுப்பில் அடங்குவாரா கலைவாணர்?

ஒரு கலைஞர் வாழ்நாள் முழுவதும் பாடிய பாட்டுகளைத் திரட்டி ஒரே தொகுப்பாகக் கொடுப்பது நல்ல காரியமா? நல்ல காரியம்தான். அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஆனால், எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், எந்த வரிசையில் வைத்தார்கள் என்ற கேள்விகள் உடனே எழுந்துவிடுகின்றன. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் பாடல் தொகுப்புகளைக் கேட்கிறவர்கள் நடுவே இந்த வாதம் ஓய்வதே இல்லை.

கிராமபோன் தட்டுகளில் ஒவ்வொன்றாக வந்த பாட்டுகள், ஒலிநாடாவில் ஒன்றுசேர்ந்தன. பிறகு குறுந்தகட்டில் புகுந்தன. இன்று கைப்பேசியைத் தட்டினால் வரிசையாக வந்து நிற்கின்றன. அகப்படாத பொருளாக இருந்தது, இப்போது ஆளுக்கொரு பையில் இருக்கிறது!

குமரி மாவட்டத்தில் இந்த வாதத்திற்குக் கொஞ்சம் சூடு அதிகம். காரணம், கலைவாணர் இந்த மண்ணின் பிள்ளை. நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29 அன்று பிறந்தவர். அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், விளவங்கோடு தாலுகாவில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது அருமனை. தமிழும் மலையாளமும் கலந்து பழகும் எல்லைப்புற ஊர். அங்கேயும் கலைவாணர் என்றால், ‘நம்ம ஆளு’ என்ற உரிமைதான்.

இன்னொரு விஷயத்தையும் மறந்துவிடக்கூடாது. அவர் பிறந்தபோது இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தது. புகழின் உச்சியில் அவர் இருந்தபோதும் இது சென்னை மாநிலத்தில் இல்லை. 1956 நவம்பர் 1 அன்றுதான் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. பத்தே மாதம் கழித்து, 1957 ஆகஸ்ட் 30 அன்று, கலைவாணர் கண்ணை மூடிவிட்டார். ஆகவே, குமரி மக்களுக்கு அவருடைய பாட்டு வெறும் வேடிக்கைப் பாட்டு அல்ல. எல்லைக்கு அப்பாலிருந்து கேட்ட சொந்தக்காரரின் குரல்.

மூன்று அபிப்பிராயங்கள்

அருமனை போன்ற ஊர்களில் இந்தத் தொகுப்புகளைப் பற்றி எழும் அபிப்பிராயங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வயதானவர்களின் குறை. “பாட்டு இருக்கிறது, பேச்சைக் காணோமே!” என்கிறார்கள். இதில் நியாயம் உண்டு. கலைவாணரின் பாட்டு, பேச்சிலிருந்து பிறப்பது. அவர் ஒன்று சொல்வார், டி.ஏ.மதுரம் எதிர்க்கேள்வி போடுவார். அவர் அசடு வழிவார். அந்த அம்மாள் ஒரு வெட்டு வெட்டுவார். அந்தச் சூட்டிலே பாட்டு கிளம்பும். பேச்சை நறுக்கிவிட்டுப் பாட்டை மட்டும் கொடுத்தால், தாளிக்காத குழம்பு போலத்தான் இருக்கும்.

இரண்டாவது, நடுவயதினரின் குறை. “எல்லோருக்கும் தெரிந்த பாட்டையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்” என்பது அவர்கள் கட்சி. ‘முதல் தேதி’ (1955) படத்தில், சம்பளம் வாங்கிய குடும்பத்தின் மாதக் கணக்கைச் சொல்லும் பாட்டு எந்தத் தொகுப்பிலும் இருக்கும். ‘ராஜா ராணி’ (1956) படத்தில், சிரிப்பின் வகைகளை ஒவ்வொன்றாகச் சிரித்தே காட்டும் பாட்டும் தவறாமல் இருக்கும். இருக்கவேண்டியவைதான். ஆனால், அவருடைய திரை வாழ்க்கை 1930-களின் நடுவிலேயே தொடங்கிவிட்டது. ‘சகுந்தலை’ (1940), ‘அசோக்குமார்’ (1941), ‘ஹரிதாஸ்’ (1944) என்று எத்தனை படங்கள்! அந்தக் காலத்துக் கிருஷ்ணன் எங்கே?

மூன்றாவது, இளைஞர்களின் அபிப்பிராயம். அவர்களிடம் குறை இல்லை; வியப்புதான் இருக்கிறது. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிற பையன் காதில் இந்தப் பாட்டு விழுந்தால், வீட்டுக்கு வந்து, “பாட்டா, இது ஆரு பாடினது?” என்று கேட்பான். அந்தக் கேள்விக்காகவே தொகுப்பு வேண்டும். தொகுப்பு இல்லையென்றால் அந்தப் பையனுக்குக் கலைவாணர் ஒரு சிலை, ஒரு அரங்கத்தின் பெயர், அவ்வளவுதான்.

மூவர் சொல்வதும் உண்மை. ஆனால், மூவரும் சொல்லாத குறை ஒன்று இருக்கிறது. அதுதான் பெரிய குறை.

வருஷம் எங்கே?

எத்தனையோ தொகுப்புகளில் பாட்டுக்கு வருஷம் இல்லை. எழுதிய கவிஞர் பெயர் இல்லை. 1941-ஆம் வருஷப் பாட்டும் 1956-ஆம் வருஷப் பாட்டும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. கேட்கிறவருக்கு எல்லாம் ஒன்றுதான். வேறொரு நடிகருக்கு இது சிறிய விஷயமாக இருக்கலாம். கலைவாணருக்கு இது சிறிய விஷயம் அல்ல. ஏன்?

அவர் வாழ்க்கையின் நடுவே ஒரு சிறைக் கதவு இருக்கிறது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் எம்.கே.தியாகராஜ பாகவதரோடு கைது செய்யப்பட்டார். தண்டனையும் விதிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. கடைசியில் 1947 ஏப்ரலில் விடுதலையானார். இரண்டு வருஷத்திற்கு மேல் சிறைவாசம்! பாகவதரின் திரைவாழ்வு அதற்குப்பின் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கலைவாணரோ முன்னைவிட வேகமாகக் கிளம்பினார்.

1949-இல் ‘நல்லதம்பி’ வந்தது. அறிஞர் அண்ணா திரைக்கு எழுதிய முதல் படம். அதிலேதான் ‘கிந்தனார்’ காலட்சேபம். கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தனார் சிதம்பரம் போகத் துடித்தார். கலைவாணரின் கிந்தனோ பட்டணம் போய்ப் படிக்கத் துடிக்கிறான். கோயில் கதவுக்குப் பதிலாகப் பள்ளிக்கூடக் கதவு! எழுதியவர் உடுமலை நாராயண கவி. பக்திமான்களின் காலட்சேப முறையை அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்குள்ளே கல்வியையும் சமத்துவத்தையும் வைத்துவிட்டார்கள். கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு யோசித்தார்கள். 1951-இல் ‘மணமகள்’, 1952-இல் ‘பணம்’ என்று அவரே டைரக்ட் செய்த படங்கள் தொடர்ந்தன.

சிறைக்கு முந்திய பாட்டுகளையும் பிந்திய பாட்டுகளையும் வருஷ வரிசையில் வைத்துக் கேட்கவேண்டும். முன்னதில் சிரிப்பு முந்தி நிற்கும். கருத்து அதன் பின்னே ஒளிந்திருக்கும். பின்னதில் கருத்து துணிந்து முன்னே வந்துவிடும். ஒரு மனிதன் அடிபட்டு, ஒடியாமல், இன்னும் நிமிர்ந்த கதை அது. பாட்டைக் கலைத்துப் போட்டால் அந்தக் கதை கலைந்து போகிறது.

அயல்நாட்டிலும் இதே வாதம்

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்தது அல்ல. 1970-களின் நடுவில் இங்கிலாந்தில் ‘பங்க் ராக்’ என்ற இசை கிளம்பியது. சங்கீதப் பயிற்சி பெரிதாக வேண்டாம். இரண்டு மூன்று சுரக்கூட்டு போதும். மனதில் பட்டதை ஓங்கிச் சொல்லலாம் என்று வேலையற்ற இளைஞர்கள் மேடை ஏறினார்கள். பெரிய மனிதர்களைக் கிண்டல் செய்தார்கள். வித்துவான்கள் முகம் சுளித்தார்கள், ஜனங்கள் கேட்டார்கள்.

அந்தக் குழுக்களுக்கும் பின்னால் தொகுப்புகள் வந்தன. மான்செஸ்டர் நகரத்து ‘பஸ்காக்ஸ்’ குழுவின் எட்டு இசைத் தட்டுகளை 1979-இல் அமெரிக்க ரசிகர்களுக்காக ஒன்றுசேர்த்தார்கள். தட்டுகளின் முன்பக்கப் பாட்டுகள் எட்டும் தொகுப்பின் முதல் பக்கத்தில், வெளிவந்த வரிசையில். பின்பக்கப் பாட்டுகள் எட்டும் இரண்டாம் பக்கத்தில், அதே வரிசையில். எளிய ஏற்பாடுதான். கேட்கிறவர் அந்தக் குழுவோடு சேர்ந்தே வளர்கிறார்.

‘தி க்ளாஷ்’ என்ற குழுவின் தொகுப்பு ஒன்று 2013-இல் வந்தது. 1982 ஜூலையில் லண்டனில் அவர்கள் ஒரு மேடையில் எந்த வரிசையில் பாடினார்களோ, அந்த வரிசையைப் பின்பற்றி அதை அமைத்தார்கள். அதுவும் ஒரு முறை. மேடையில் கேட்ட சுவை கிடைக்கிறது. ஆக, வரிசை என்பது அலமாரியில் பொருளை அடுக்குவது போன்ற வேலை அல்ல. அதுவே பாதிக் கதை.

வில்லுப்பாட்டில் கதையின் நடுவிலிருந்து யாராவது தொடங்குவார்களா? குமரி மாவட்டத்தாருக்கு இதை விளக்கவேண்டியதே இல்லை. கலைவாணரும் வில்லுப்பாட்டில் கால் ஊன்றியவர்தான். சுப்பு ஆறுமுகம் எழுதிய காந்தி கதையை வில்லில் பாடிக் காட்டியவர். புலவர் ஒரு அடி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் “ஆமா” போட்டு எடுத்துக் கொடுப்பதுதானே வில்லுப்பாட்டின் உயிர்? கிருஷ்ணன்–மதுரம் ஜோடியின் கேள்வி பதிலில் அந்த வில்லின் ஓசை இருக்கிறது. கொடை விழாக்களில் காது பழகியவர்கள் அதை உடனே கண்டுகொள்வார்கள்.

பாதிக் குரல் யாருடையது?

இன்னொரு நியாயமும் பேசவேண்டும். தொகுப்பின் அட்டையில் கலைவாணர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே ஒலிப்பதில் பாதிக்குப் பாதி டி.ஏ.மதுரத்தின் குரல். அவர் பெயர் சில சமயம் பொடி எழுத்தில் வரும். சில சமயம் அதுவும் வராது. கலைவாணர் சிறையில் இருந்த நாட்களில், எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் குழுவைக் கலையாமல் காத்தவர் அந்த அம்மாள். அவர் பெயரை விடுவது மரியாதை ஆகாது. உடுமலை நாராயண கவியின் பெயரை விடுவதும் அப்படித்தான்.

“பழைய வேடிக்கைகளில் சில இன்றைக்கு ரசிக்கவில்லை; அவற்றை எடுத்துவிடலாமே?” என்று கேட்பவர்களும் உண்டு. எடுக்கக்கூடாது. காலம் மாறியிருக்கிறது என்பதை ஜனங்கள் அறிவார்கள். வருஷத்தைப் போட்டுவிட்டால் போதும். எந்தக் காலத்துச் சிரிப்பு அது என்று கேட்பவர் தாமே எடைபோட்டுக் கொள்வார். நல்லதை மட்டும் பொறுக்கிக் கொடுத்தால், அவர் எங்கிருந்து எங்கே வந்தார் என்பது தெரியாமலே போய்விடும்.

இப்போதே செய்ய வேண்டியது

இதில் அவசரம் என்ன என்று கேட்கலாம். அவசரம் இருக்கிறது. கலைவாணர் மறைந்தபோது பத்து வயதுச் சிறுவராக இருந்தவர், இன்று எண்பதை எட்டுகிற பெரியவர். எந்தப் பாட்டு எந்தக் காட்சியில் வந்தது, எந்த இடத்தில் கொட்டகை அதிர்ந்தது, எந்த வசனத்தை வெட்டிவிட்டார்கள் என்று சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை அதுதான். அவர்களும் போனபிறகு, வருஷமும் பெயரும் இல்லாத தொகுப்பு மட்டும் மிஞ்சும். ஊர் பேர் தெரியாத குரலாகக் கலைவாணர் ஆகிவிடுவார்.

தொகுப்பு வெளியிடுகிறவர்கள் பெரிதாக ஒன்றும் செய்யவேண்டாம். பாட்டுக்குப் பக்கத்தில் படத்தின் பெயர், வருஷம், எழுதியவர், இசை அமைத்தவர், உடன் பாடியவர் என்று ஐந்து விவரம் சேர்க்கட்டும். முடிந்த இடத்தில் பாட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள பேச்சையும் வைக்கட்டும். அருமனையிலும் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் உள்ள நூலகங்களும் பள்ளிக்கூடங்களும், வயதான ரசிகர்களை ஒருநாள் உட்கார வைத்து, அவர்களுக்குத் தெரிந்ததை எழுதி வாங்கட்டும். செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும்தான்.

கலைவாணர் கையில் இருந்ததை எல்லாம் பிறருக்குக் கொடுத்துவிட்டுப் போனவர் என்று ஊர் சொல்லும். அவர் பாட்டை வைத்துக்கொண்டிருக்கிற நாம், அதன் வருஷத்தையும் வரிசையையும் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கக் கூடாதா?