இஃப்தாருக்குப் பின் ஒரு பீடி

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கல்வராயன் மலையின் கள்ளச்சாராய ஊறல்களையும் சேர்த்துச் சாடினோம். சாடியவருள் பலர் கையில் பீடி புகைந்தது! "மக்ரூஹ்தானே" என்பர். மெத்தனால் ஓரிரு நாளில் கொல்கிறது. புகையிலையோ தவணை முறையில் கொல்கிறது.

அன்பர்களே! ரமலானில் ஏறத்தாழ 13 மணி நேரம் பீடியைத் தீண்டாதவர், பேரீச்சம்பழம் தொண்டையில் இறங்குமுன் தீப்பெட்டியைத் தேடுகிறார். பகலெல்லாம் அடக்கிய நஃப்ஸை மஃரிபில் அவிழ்த்துவிடுவதேன்?

புகை வேட்கை எழுந்தால் சில நிமிடங்களில் தானே தணியும். அதனோடு மல்லுக்கட்ட வேண்டா. எழுவதையும் தணிவதையும் கவனித்திருங்கள். ஒளூச் செய்யுங்கள், நெல்லிக்காய்த் துண்டொன்றை மெல்லுங்கள். முதல் வாரம் கடினமே; எரிச்சலை மனைவி மக்கள்மேல் கொட்டாதீர்கள். இயலாதார் மருத்துவரை நாடுவதில் வெட்கமில்லை. பெருநாள் பிறை கண்ட இரவில்தான் பலர் தோற்கிறார்கள். அன்று பெட்டிக்கடைப் பக்கம் போகாதிருங்கள்.