மணல்வாரி உடம்பை உரமாக்குமா?

மணல்வாரி என்றும் தட்டம்மை என்றும் நாம் வழங்கிவரும் நோய் குழந்தைப் பருவத்தில் ஒருமுறை கண்டு, வேப்பிலைப் படுக்கையில் சில நாள் கிடத்தி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் இறங்கிவிட்டால், அதன்பின் சரீரம் முன்னிலும் உரம் பெற்றுவிடுகிறது என்ற நம்பிக்கை நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. இயற்கையாக வரும் நோயே இயற்கையான பலத்தைத் தரும் என்று சொல்லித் தடுப்பூசியை மறுக்கும் படித்த பெற்றோரையும் இன்று காண்கிறோம். இந்த நம்பிக்கையில் ஓர் அம்சம் மெய்தான். 1846இல் பாரோ தீவுகளில் மணல்வாரி பரவியபோது அங்கு அனுப்பப்பட்ட பீட்டர் பானும் என்ற டென்மார்க் தேசத்து இளம் மருத்துவர், 1781இல் அந்நோய் கண்டு பிழைத்திருந்த முதியவர்கள் அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதற்கு ஆளாகவில்லை என்பதைக் கண்டு பதிவு செய்தார். ஆனால் அந்த ஓர் அனுகூலத்தைப் பெறுவதற்காகக் குழந்தையின் சரீரம் எதையெல்லாம் இழக்கிறது என்பதை அறிந்தவர் எவரும், நோய் வரட்டும் என்று காத்திருக்கத் துணியமாட்டார்.

நம் உடலில் எந்தக் கிருமியையும் முன்பின் அறியாத நிலையிலேயே எதிர்க்கவல்ல பிறவிப் பாதுகாப்பு ஒன்று உண்டு. 1957இல் லண்டன் மில் ஹில்லில் இருந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் என்ற இருவர், வெப்பத்தால் செயலிழந்த இன்ஃப்ளூயன்சா வைரஸைக் கோழிக் கருவின் சவ்வில் இட்டபோது, அச்சவ்விலிருந்து சுரந்த ஒரு பொருள் மற்ற உயிரணுக்களையும் வைரஸிலிருந்து காப்பதைக் கண்டு, அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டார்கள். வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கும்போது தோன்றும் ஆர்.என்.ஏ. வடிவங்களை உயிரணுவினுள் இருக்கும் எம்.டி.ஏ.-5 முதலிய காவற்புரதங்கள் அடையாளம் கண்டவுடன் இன்டர்ஃபெரான் சுரக்கிறது. அது அண்டையிலுள்ள உயிரணுக்களைத் தொட்டு எச்சரிக்க, அவற்றுள் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்தெழுந்து, வைரஸின் பிரதிகளை வெட்டவும் அதன் புரத உற்பத்தியை நிறுத்தவும் முனைகின்றன. இத்தனையும் காய்ச்சல் தெரிவதற்கு முன்பே நடந்தேறக்கூடிய காரியங்கள். சிருஷ்டியின் சூட்சுமங்களில் இதற்கு ஈடானவை சிலவே என்பது என் எண்ணம்.

அந்தச் சூட்சுமத்தையே குலைக்கும் சாமர்த்தியம் வைரஸ்களுக்கு உண்டு. இன்ஃப்ளூயன்சா வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வைப் புரதத்தால் மூடி மறைக்கிறது. பெரியம்மை வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்தவை, இன்டர்ஃபெரானை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும் போலி ஏற்பிகளை வெளியே அனுப்புகின்றன. மணல்வாரி வைரஸோ இன்னும் ஆழமாகப் போகிறது. தன் பிரதியெடுக்கும் வேலைக்கு உதவும் ஒரே மரபணுவிலிருந்து வி, சி என்று மேலும் இரு புரதங்களை அது உண்டாக்கிக்கொள்கிறது. வி-புரதம் எம்.டி.ஏ.-5ஐப் பற்றிக்கொண்டு எச்சரிக்கை எழாமல் தடுக்கிறது. மீறி எங்கேனும் எழுந்துவிட்டாலும், இன்டர்ஃபெரானின் செய்தியை உயிரணுவின் உட்கருவுக்குச் சுமந்து செல்லும் புரதங்களையும் அதுவே மடக்கி நிறுத்திவிடுகிறது. சி-புரதம், காவற்புரதங்களின் கண்ணில் படக்கூடிய ஆர்.என்.ஏ. வடிவங்கள் மிகுதியாகத் தோன்றாமல் பார்த்துக்கொள்கிறது. ஆகவேதான் கிருமி புகுந்த நாள் முதல் ஏறக்குறைய பத்து நாள் வரை குழந்தை ஓடியாடி விளையாடிக்கொண்டிருக்க, அதன் உடலெங்கும் வைரஸ் பரவிவிடுகிறது. தோலில் தடிப்புத் தோன்றும் நாளில்தான் உடலின் எதிர்த்தாக்குதல் வெளிப்படுகிறது.

அதற்குள் நேர்ந்துவிடும் நஷ்டமே நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மணல்வாரி வைரஸ் நுழையும் வாயிலை 2000இல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூசுகே யனாகியின் குழுவினர் கண்டறிந்தார்கள். அந்த வாயில் நோயெதிர்ப்பு அணுக்களின் மேற்பரப்பிலேயே அமைந்திருக்கிறது. முன்பு வந்த நோய்களின் ஞாபகத்தைத் தாங்கி நிற்கும் அணுக்களில் அது மிகுதி. எனவே காவலர்களே முதலில் கொள்ளை போகிறார்கள். மணல்வாரி கண்ட குழந்தைகளிடம் காசநோய்ச் சோதனை தற்காலிகமாகப் பலனற்றுப் போவதை வியன்னாவின் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே 1908இலேயே எடுத்துக் காட்டினார். 2019இல் நெதர்லாந்தின் 77 குழந்தைகளை நோய்க்கு முன்னும் பின்னும் பரிசோதித்த ஆய்வு, பிற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பொருள்களின் வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்து போயிருந்ததைக் காட்டியது. தடுப்பூசி போடப்பட்ட குழந்தைகளிடம் அத்தகைய இழப்பு இல்லை. மணல்வாரிக்குப் பின் வரும் நிமோனியாவிலும் வயிற்றுப்போக்கிலும் குழந்தைகள் மடிவதன் காரணம் இதில் பெருமளவு அடங்கியிருக்கிறது.

ஆதலால், நோயால் உடம்பு உரம் பெறும் என்று சொல்லித் தடுப்பூசியைத் தடுப்பவர்களை, எவ்வளவு நல்லெண்ணம் உடையவர்களாயினும், நாம் உறுதியாக மறுத்துரைக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லாத் தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, கைப்பேசிகளில் பரவிய வதந்திகளுக்கு அஞ்சிப் பெற்றோர் பலர் பிள்ளைகளை அனுப்ப மறுத்ததைக் கண்டு நான் மிகவும் வருந்தினேன். அந்த அச்சத்தைப் போக்க வேண்டியவர்கள், ஊசி போடுவதன் விதியை மாத்திரம் சொல்லாமல், மேலே கண்ட காரணங்களையும் பெற்றோருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். பெற்றோர் புரிந்துகொள்ளாதவர்கள் அல்லர். ஒன்பது மாதம் நிறைந்ததும் போடும் முதல் ஊசி நூறு குழந்தைகளில் ஏறக்குறைய 85 பேருக்கே காப்பளிக்கும். எஞ்சியவர்களுக்காகவே 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் ஊசி இருக்கிறது. முதல் ஊசியோடு நின்றுவிட்ட குழந்தைகளைக் கிராமச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் வீடு தேடிச் சென்று கண்டுபிடிக்க, அவர்களுக்கு ஆள்பலமும் அவகாசமும் தரும் கடமை அரசினுடையது. சமூகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் இரண்டு ஊசிகளும் பெற்றிருந்தால்தான், ஒன்பது மாதம் நிரம்பாத சிசுக்களை இந்நோய் நெருங்காது.